பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டிய பட்டியல்

போன மாதம் கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களில் வாய் மட்டும் ஓயாதவர்கள் யார் என்று தேடிப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டுப் பேசினார். அரசு உதவி கொடுக்கத் தயாராக இருந்தும், தகுதியுள்ளவர்களில் பலர் ஏன் வந்து வாங்கிக்கொள்வதில்லை என்பதுதான் பேச்சு. இதற்கு நடத்தை அறிவியல் என்று ஒரு படிப்பே இருக்கிறதாம். படிவத்தைச் சுருக்குங்கள், நாளையும் நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள், 'உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்' என்று எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்துவிட்டதை மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்கு ஒரே வியப்பு. இதில் முக்கால்வாசியை நாங்கள் பெயர் தெரியாமலே செய்திருக்கிறோம். கடைசியாகச் சொன்னாரே, அதையும் செய்தோம். அந்த யோசனையைச் சொன்னவளே நான்தான். எனக்குப் பேசக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்ல முடியவில்லை. டீ இடைவேளையில் உதவியாளர்கள் இரண்டு பேர் வந்து, "பாதியில நிறுத்திட்டீங்க மேடம், முழுசா எழுதிக் குடுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவள். தட்டச்சு, பதிவேடு, ஜமாபந்தி, தேர்தல் வேலை என்று முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கதையை எழுத எனக்கும் பொறுமை இல்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம் என்று வளர்ந்தவள். எதைப் பார்த்தாலும் 'ஏன்?' என்று கேட்காமல் இருக்க முடியாது. என் கணவர் இதை ஒரு வியாதி என்பார். அந்த வியாதிக்கு ஏற்ற வேலை எனக்குக் கிடைத்தது, ஓசூர்ப் பக்கத்துத் தாலுகா ஒன்றில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு மாற்றிப் போட்டபோதுதான். முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும் பிரிவு அது.

அங்கே தனி வட்டாட்சியராக இருந்தவர் ரங்கநாதன் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் பேச்சில் பாதி 'அப்படியா' என்ற ஒரே சொல்தான். அதற்கு நான்கு நீளம் உண்டு. குட்டையாகச் சொன்னால் நம்பிவிட்டார் என்று பொருள். கொஞ்சம் இழுத்தால் சந்தேகம். ரொம்ப இழுத்தால் கோப்பு திரும்பி வரும். நான்காவது நீளத்தை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் வணக்கம் வைத்தவுடன் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு விதவை உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்.

"இத எழுதி, வெளியில வரிசையில நின்னு குடுத்துட்டு வாங்கம்மா."

"யார் பேருக்கு சார்?"

"தளிப் பக்கம் ஒரு பொம்பளைன்னு வெச்சுக்குங்க. படிக்கத் தெரியாது. விடிகாலைல பூப் பறிச்சுட்டு, பஸ் புடிச்சு வந்திருக்கா. போங்க."

விளையாட்டு என்று நினைத்துத்தான் போனேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தருக்கு என்னைத் தெரியாது. கணவரின் இறப்புச் சான்று எங்கே என்றார். ரேஷன் கார்டு நகல் இரண்டு வேண்டும் என்றார். நகல் எடுக்கும் கடையில் கரண்ட் இல்லை. போட்டோ ஒட்ட வேண்டும் என்றார். ஸ்டூடியோ பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்தது. வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும் என்றார். வி.ஏ.ஓ. அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் பசியோடும் எரிச்சலோடும் திரும்பி வந்தேன்.

"எது வரைக்கும் போனீங்க?" என்றார் சார்.

"போட்டோ வரைக்கும். அதுக்கு மேல முடியல."

அவர் நீளமான ஒரு நோட்டைத் திறந்து, தேதி போட்டு, 'போட்டோ' என்று ஒரு சொல் எழுதினார். அந்த நோட்டில் பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. பெயர், ஊர், எதிரே ஒரு சொல். 'சான்று.' 'பஸ்.' 'மருமகள்.' 'கையெழுத்து.' 'வெட்கம்.'

"ஏன் வரலன்னு யாரையும் கேக்காதீங்க. நமக்கு ஏத்த மாதிரி எதையாச்சும் சொல்லிடுவாங்க. கடைசியா எந்த எடத்துல நின்னீங்கன்னு கேளுங்க. அதுல பொய் வராது" என்றார்.

இன்றைக்குத் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்களே, அதுதான் இது.

அந்த நோட்டைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. தளிப் பக்கத்து ஊர்களிலிருந்து மட்டும் விண்ணப்பம் ஏன் இவ்வளவு குறைவு என்று தேடினேன். முகாமைக் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸில் வைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஊர்ப் பெண்கள் பொழுது விடிவதற்கு முன்பே ரோஜாவும் சாமந்தியும் பறிக்கப் போகிறார்கள். பத்து மணிக்குத்தான் வீட்டுக்கே வருகிறார்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், பால் சொசைட்டியில், கையில் தூக்கோடு. "சார், நாம அங்க போயிடலாமே" என்றேன். "அப்படியா" என்றார், குட்டையாக. அடுத்த வியாழக்கிழமை சொசைட்டி வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, போட்டோ எடுக்க ஒருவர், பக்கத்திலேயே வி.ஏ.ஓ. என்று உட்கார்ந்தோம். பால் ஊற்ற வந்தவர்கள் அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார்கள். மேசையை மடக்கும்போது கை வலித்தது, அவ்வளவு எழுதியிருந்தேன்.

அடுத்து அழைப்புச் சீட்டு. 'தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கலாம்' என்று தண்டோரா போட்டால், தகுதியுள்ளவர் யாரோ வேறு ஆள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ரேஷன் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு விதவையின் பெயரையும் கையால் எழுதி, 'உங்கள் விண்ணப்பம் பாதி நிரப்பி வைக்கப்பட்டுள்ளது, வியாழக்கிழமை மாலை வந்து மீதியை முடித்துக்கொள்ளவும்' என்று சீட்டு அனுப்பினோம். ஊர்த் தலையாரி அதைக் கன்னடத்திலோ தெலுங்கிலோ படித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பார். ஏற்கெனவே தன் பெயரில் ஒன்று இருக்கிறது என்றால் அதை விட்டுவிட யாருக்கும் மனசு வருவதில்லை. "நந்து எல்லி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். என்னுடையது எங்கே என்று அர்த்தம்.

இரண்டும் பலித்ததும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னும் வராதவர்களை எப்படி வரவைப்பது என்று யோசித்தேன். சேர்ந்தவர்கள் பெயரைப் பார்த்தால் சேராதவர்களும் வருவார்கள் என்று தோன்றியது. உதவித்தொகை வாங்குபவர்களின் பட்டியலை, கணவர் பெயர், கதவு எண்ணோடு அச்சடித்து, ஆபீஸ் வழக்கப்படி மேலே 'ஆதரவற்ற விதவைகள் உதவித்தொகை பெறுவோர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டலாம் என்று கோப்பு வைத்தேன்.

சார் அதை இரண்டு முறை படித்தார்.

"இத யாரும்மா படிப்பாங்க?"

"சேராத விதவைங்கதான் சார்."

"அவங்கள்ல நெறைய பேருக்குப் படிக்கத் தெரியாதே?"

"தெரிஞ்சவங்க படிச்சுச் சொல்லுவாங்க சார்."

"அப்படியா..." என்று இழுத்தார். அது இரண்டாவது நீளம். சந்தேகம். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முன்னே இரண்டு யோசனை பலித்திருந்ததால் போட்டார் என்று நினைக்கிறேன்.

பட்டியல் ஒட்டிய இரண்டு வாரத்தில் புது விண்ணப்பங்கள் மளமளவென்று வந்தன. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் பிரிவைப் பாராட்டினார்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அதன்பிறகு ஒரு கடிதம் வந்தது. 'எனக்கு உதவித்தொகை தேவையில்லை, என் பெயரை நீக்கிவிடவும்' என்று எழுதி, கீழே கைநாட்டு. தளிக்குப் போகும் வழியிலுள்ள ஓர் ஊர். கெம்பம்மா என்ற அம்மாள். மகன் ஆபீஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த பத்து நாளில் அதே ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். வேண்டும் என்று வந்த மனுக்களை அடுக்கினால் எங்கள் ஆபீஸில் ஓர் அறை போதாது. வேண்டாம் என்று ஒருவர் எழுதி நான் அதுவரை பார்த்ததே இல்லை. மூவருமே வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருக்கும் குடும்பம், விதிப்படி முழுத் தகுதி உள்ளவர்கள். விதிப்படி மூன்று பேருக்கும் நிறுத்தினோம். எனக்கு மண்டை குடைந்தது. ஆனால் தேர்தல் வேலை குறுக்கே வந்தது. நான்கு மாதம் அந்த மண்டைக் குடைச்சலை ஒத்திப் போட்டேன். அந்த நான்கு மாதத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

தேர்தல் முடிந்ததும், ஒரு மாலை பஸ் ஏறிப் போய் அந்த ஊர் சொசைட்டியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். செயலாளர் பால் அளந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். உள்ளூர்க்காரர் இல்லை.

"அண்ணே, அந்தக் கோயில் தெரு கிருஷ்ணப்பா ஊட்டுல எத்தினி வேளை பால் ஊத்துறாங்க?" என்று கேட்டார்.

செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு வேளையும் ஊத்துறாங்க. பொண்ணு குடுக்கறீங்களா?"

"பாத்துக்கினு இருக்கோம். பையன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான்றாங்க. அதான் ஒரு வார்த்த விசாரிச்சுக்கலாம்னு."

இந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுக்கு நேராகப் போக மாட்டார்கள். முதலில் சொசைட்டிக்குப் போவார்கள். ஒரு வீட்டில் எத்தனை மாடு, எத்தனை வேளை பால், தவறாமல் ஊற்றுகிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய வழக்கம். என் கல்யாணத்துக்கே என் சித்தப்பா அப்படி ஒரு சொசைட்டிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தவர்தான்.

அந்த ஆள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். என் பட்டியலை மேலிருந்து கீழே, வரி வரியாக, விரல் வைத்துப் படித்தார். தேடிய பெயர் அதில் இல்லை போலிருக்கிறது. நிம்மதியாகப் பைக்கை உதைத்துக்கொண்டு போனார்.

இதை யார் படிப்பார்கள் என்று சார் கேட்டாரே, அதற்கு விடை என் கண் முன்னால் நின்றுவிட்டுப் போயிருந்தது.

"கெம்பம்மா பையனுக்கு என்னாச்சு?" என்று செயலாளரைக் கேட்டேன்.

"மாதேசுக்கா? பாரூர்ப் பக்கம் பொண்ணு பேசி, வெத்தலை பாக்கு மாத்தற வரைக்கும் வந்துச்சு மேடம். பொண்ணோட மாமன் இங்க வந்து இதப் படிச்சுட்டாரு. 'பெத்தவளையே ஆதரவில்லாம உட்டவன், எம் பொண்ண என்னா பண்ணுவான்'னுட்டு அதோட போயிட்டாங்க."

கெம்பம்மாவின் வீடு சொசைட்டியிலிருந்து கூப்பிடு தூரம். முறத்தில் அவரைக்காயைக் கொட்டி, வாசலில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். "பாம்மா, கூத்கோ" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார். தாலுகா ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி காயைப் பொறுக்கினார். நல்ல காயும் பூச்சிக் காயும் ஒரே பக்கம் போயின. அவர் விரலால் தடவித்தான் பார்க்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"அம்மா, உதவித்தொகைய நிறுத்திட்டீங்களே. எதுக்கு?"

"பேடம்மா. வேணாம். பையன் சம்பாதிக்கறான்."

ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தும் அதையே கேட்டேன், அதற்கேற்ற பதிலே வந்தது. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"வாங்கிக்கினு இருந்தப்ப, மொதல்ல எங்கம்மா போவீங்க அத எடுத்துக்கினு?"

அவர் முகம் மாறியது. "மருந்துக் கடைக்கு."

"என்னா மருந்து?"

"கண்ணுல ஊத்தறது. பிரஷராம் கண்ணுல. டெய்லி ரெண்டு சொட்டு, சாவற வரைக்கும் ஊத்தணும், ஒரு நாளும் உடக் கூடாதுன்னாரு ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டரு. அங்க இருந்தா குடுப்பாங்க. இல்லாதப்ப வெளிய வாங்கிக்குவேன்."

"இப்ப ஊத்தறீங்களா?"

அவர் கை முறத்துக்குத் திரும்பியது. சுவர் மாடத்தில் பிளாஸ்டிக் சொட்டு மருந்துச் சீசா ஒன்று இருந்தது. எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். காலி.

"எத்தினி நாளா?"

"ஏழெட்டு வாரம் இருக்கும்."

"மாதேசுகிட்டக் கேக்கலாமில்லம்மா?"

"அவங்கிட்டயா?" என்று என் பக்கம் திரும்பினார். "என்னாலதான் கல்யாணம் நின்னுச்சுன்னு மொகங்குடுத்துப் பேச மாட்டேன்றான். அவங்கிட்டப் போயி கண்ணுக்குக் காசு குடுன்னு நிப்பனா? அவனுக்குச் சொல்லிடாதம்மா. நிம்மதியில்லாம மிஷின்ல கைய உட்டுக்குவான்."

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அந்த அம்மாள் முன்னால் அழும் யோக்கியதைகூட எனக்கு இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். பட்டியல் என் வேலைதான் என்று சொல்லவும் துணிச்சல் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர், "அப்படியா" என்றார். நான்காவது நீளம் அதுதான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"என் தப்பு சார்."

"கையெழுத்து என்னுது" என்றார்.

ஜீப்பை எடுக்கச் சொல்லி, சொசைட்டிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலையாரி முன்னால் வந்து, "நான் கிழிச்சுடறேங்க" என்றார். சார் விடவில்லை. கிழித்தால் பாதிப் பெயர் சுவரிலேயே நிற்கும் என்றார். வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்துக் காகிதத்தின் மேல் ஒற்றி, ஊறும் வரை நின்றார். பிறகு மேசையிலிருந்து கொண்டுவந்த மரத்தாலான அளவுகோலை ஓரத்தில் கொடுத்து, மெதுவாக முழுத் தாளையும் உரித்தெடுத்தார். பால் ஊற்ற வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தாசில்தார் ஒருவர் சுவரைக் கழுவுவதை அவர்கள் பார்த்ததில்லை. முடித்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "மத்த ஊர்லயும் இன்னிக்கே எடுத்துடணும்" என்றார். மாலைக்குள் எல்லா ஊர்களிலும் எடுத்துவிட்டோம்.

"அந்தப் பையன் எங்க நிக்கிறான்?" என்று திரும்பி வரும்போது கேட்டார். எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்றுதான் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அடுத்த நாளே மதிய ஷிப்ட் மாறும் நேரத்துக்குச் சிப்காட் போய், மாதேஷ் வேலை செய்யும் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். சொசைட்டிச் செயலாளர் போன் செய்து சொல்லியிருந்ததால் அவனே என்னைத் தேடி வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் நீலச் சட்டை, சட்டையெல்லாம் ஆயில்.

"எழுதிக் குடுத்ததுதான் மேடம். திரும்ப வாங்கிக்க மாட்டோம்" என்றான், டீயைக்கூட வாங்காமல்.

"வாங்கச் சொல்ல வரல. எந்த எடத்துல உனக்கு இது வலிச்சிச்சுன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"பணம் வாங்கறதுல எனக்கு ஒண்ணியும் இல்ல மேடம். ஊரே வாங்குது. மேல எழுதியிருந்தீங்க பாருங்க, ஆதரவத்தவங்கன்னு. நான் உசுரோட இருக்கேன். டெய்லி ரெண்டு பஸ்ஸு மாறி வேலைக்கு வர்றேன். எங்கம்மாவுக்கு யாருமில்லன்னு செவுத்துல ஒட்டிட்டீங்க. நான் யாரு அப்போ?"

"எழுதினது தப்புதான்" என்றேன். அதன்பிறகு, சொல்லாதே என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டதை அவனிடம் சொல்லிவிட்டேன். காலிச் சீசாவைச் சொன்னேன். அவரைக்காயைச் சொன்னேன். அந்த அம்மாள் சொல்லை மீறியதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

அவன் கேட்டுக்குள் ஓடினான். லீவு சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பைக்கோடு வெளியே வந்தான். "எந்த மருந்து மேடம்? பேரு தெரியுமா?" என்று கேட்டான். சீசாவின் மேலிருந்ததை நான் எழுதி வைத்திருந்தேன். கொடுத்தேன்.

அன்று மாலையே அம்மாவை ஓசூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். இடது கண் போய்விட்டது, அது திரும்பாது என்றார்கள். வலது கண்ணை மருந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். இந்த நோயில் போன பார்வை போனதுதான். அதை எனக்குப் போனில் சொன்னவன் மாதேஷ். என்மேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் சொல்லவில்லை.

திட்டத்தின் பெயரை மாற்ற எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் எங்கள் ஆபீஸிலிருந்து வெளியே போகும் சீட்டில் என்ன எழுதுவது என்பது எங்கள் கையில்தான் இருந்தது. சாரும் நானும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பி எழுதினோம். 'ஆதரவற்ற' என்பதை எடுத்துவிட்டு 'அரசு உதவித்தொகை' என்று மட்டும் வைத்தோம். கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தோம்: 'விண்ணப்பதாரரை அழைத்து வந்தவர்.' எதிரே பெயர், உறவு, கையெழுத்து. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. கூடாது என்றும் இல்லை. அம்மாவுக்கு யாருமில்லை என்று எழுதியிருந்த தாளிலேயே, அவளை அழைத்துக்கொண்டு வந்தவன் நான் என்று மகன் கையெழுத்துப் போட ஓர் இடம் கிடைத்துவிட்டது.

அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஷிப்ட் முடிந்த சட்டையோடு பையன்கள் அம்மாவைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு வருவார்கள். அம்மா கைநாட்டு வைப்பாள். மகன் பேனாவை வாங்கி அந்த வரியில் ஓர் இழுப்பு இழுத்துக் கையெழுத்துப் போடுவான், ஏதோ பத்திரத்தில் போடுவது போல. கடிதம் கொடுத்து விலகிய மூன்று பேரும் அந்தச் சீட்டில்தான் திரும்பி வந்தார்கள். கெம்பம்மாவின் சீட்டில் மாதேஷ் தன் பெயரை முழு இனிஷியலோடு எழுதியிருந்தான். நடத்தை அறிவியலில் இதற்கு என்ன பெயர் என்று பயிற்சிக் கூட்டத்தில் கேட்க நினைத்தேன். நேரம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து மாதேஷுக்குக் கல்யாணம். பெண் ராயக்கோட்டைப் பக்கம். பத்திரிகையை ஆபீஸுக்கே வந்து வைத்துவிட்டுப் போனான். சார் அப்போது மாறுதலில் போய்விட்டார். நான் மட்டும் போனேன்.

முகூர்த்தம் முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்திருந்தது. மண்டபத்தில் கெம்பம்மா தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தெரியாமல் இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆள் வந்தது காதில் விழுந்து, கழுத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, "ஓ, தாலூக்காபீசம்மாவா" என்று சிரித்தார். அந்தத் திரும்பலைப் பார்த்த பிறகு என்னால் அடக்கி வைக்க முடியவில்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டியல் இருந்துச்சே, சொசைட்டியில. அத எழுதி ஒட்ட வெச்சது நான்தாம்மா."

"தெரியுமே" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"நீ ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே. கடுதாசி குடுக்க வந்தப்ப மாதேசு உங்க ஆபீசுல விசாரிச்சுக்கினு வந்துட்டான். இன்ன மேடம்தான் ஒட்ட வெச்சாங்கன்னு சொன்னான்."

"தெரிஞ்சுமா என்கிட்டக் கண்ணப் பத்திச் சொன்னீங்க? என்ன வெரட்டியிருக்கலாமில்ல?"

கெம்பம்மா மடியில் கிடந்த வெற்றிலையை நரம்பு கிள்ளி மடித்தார்.

"பையன் கேக்கல. ஊர்ல யாரும் கேக்கல. நீ ஒருத்திதான கேட்ட" என்றார்.